வாயில் போடுற எல்லாத்தையும் சொல்லுங்கோ

போன மாதம் ஒரு நாள் காலையில் நிரோஜன் தொலைபேசியில் கூப்பிட்டான். நான் ஓய்வுபெறும்வரை வேலைசெய்த மருத்துவ வாட்டில் அவன் இளம் தாதி. புதிதாக வருகிற நோயாளிகளின் மருந்து விவரம் எடுக்கிற வேலை இப்போது அவனுடையது.

"சேர், இனி எழுத்து வேலை இல்லை. எல்லாம் கணினி. மருந்தின்ர முதல் மூண்டு எழுத்தை அடிச்சாக் காணும், மிச்சத்தை அதுவே காட்டும்."

"நல்ல விசயம்தானே."

"நல்லதுதான். ஆனா இஞ்ச ஒரு ஐயா வந்திருக்கிறார். என்ன மருந்து எடுக்கிறனீங்கள் எண்டு கேட்டா, 'வெள்ளைக் குளிசை, காலமை ஒண்டு' எண்டிறார். வெள்ளைக் குளிசை எண்டு அடிச்சா ஒண்டும் வருகுதில்லை."

இருவரும் சிரித்தோம். பிறகு அவன், "நீங்க எப்பிடிக் கேக்கிறனீங்க சேர்? ஒருக்கா எழுதித் தாங்கோவன், புதுப் பிள்ளையளுக்கும் காட்டலாம்" என்றான்.

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன வேலையாகத் தெரியும். ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏறிப் படுக்கும்போது, நேற்றுவரை அவர் என்னென்ன மருந்து விழுங்கினார் என்று சரியாக அறிவது, அவ்வளவுதான். ஆனால் டொக்டர் கொடுக்கப்போகிற ஒவ்வொரு மருந்தும் அதன் மேல்தான் போய் விழப்போகிறது. ஒன்றை விட்டுவிட்டாலும் ஆபத்து, இல்லாத ஒன்றை எழுதிவிட்டாலும் ஆபத்து.

என் அப்பாவும் அம்மாவும் மலையகத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து மூட்டை முடிச்சோடு வன்னிக்கு இறங்கி வந்தவர்கள். பிறருடைய வயலில் கூலி வேலை செய்து எங்களை வளர்த்தார்கள். வீட்டில் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் ஆள் நான்தான். அப்பா கிளினிக்கில் இருந்து சின்னக் கடதாசி உறையில் குளிசை கொண்டுவந்து, "என்னாடா எழுதியிருக்கு, பாரு" என்று நீட்டுவார். உறையில் பெரும்பாலும் ஒரு கோடும் இரண்டு இலக்கமும்தான் இருக்கும். அதை வாசிக்கிறவனாக ஆகவேண்டும் என்பதற்கு மேல் எனக்குப் பெரிய கனவு எதுவும் இருக்கவில்லை. படித்தேன், தாதியர் பயிற்சிக்கு எடுபட்டேன். பயிற்சிக் காலத்தில் என் மலையகப் பேச்சைக் கேட்டு, "என்னாங்க, ஊசி போடவாங்க?" என்று கூடப் படித்தவர்கள் பகிடி பண்ணுவார்கள். போகப் போக நானும் அவர்களைப்போலக் கதைக்கப் பழகிவிட்டேன். அந்த ஆண்டுகளைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

வேலையில் சேர்ந்தது யுத்த காலத்தில். வன்னிக்குள் மருந்து வருவது அரிதாகி, பிறகு கிட்டத்தட்ட நின்றுபோன காலம். பள்ளிக்கூடக் கட்டடத்தில் நாங்கள் ஆஸ்பத்திரி நடத்தியபோது ஒரு தொய்வு வருத்தக்காரர், ஆஸ்துமா நோயாளி, வந்தார். இழுத்து இழுத்து மூச்சு விட்டபடி, சேட்டுப் பையில் இருந்து வெள்ளித் தாளில் சுற்றிய அரைக் குளிசை ஒன்றை எடுத்துக் காட்டினார். பக்கத்துக் கொட்டிலில் செத்துப்போன ஒருவரின் குளிசை. அவருடைய மனுசி இவரிடம் கொடுத்திருக்கிறா. "பாதியை மற்றாளுக்குக் குடுத்திட்டன், தம்பி. மிச்சம் எனக்குப் போடலாமோ?" என்று கேட்டார். அன்று எங்களிடம் அந்த அரைக் குளிசைகூட இருக்கவில்லை.

அந்தக் காலத்தைக் கண்டவர்கள் குளிசையை எறிய மாட்டார்கள். நானும் எறிய மாட்டேன். யுத்தம் முடிந்து, ஆஸ்பத்திரிகளுக்குக் கூரை வந்து, மருந்து அலுமாரிகள் நிறைந்த பிறகும் அந்தப் பழக்கம் எங்கள் ஆட்களை விட்டுப் போகவில்லை. அதை இங்கே சொல்லிவைப்பது, பிறகு வரப்போகிற கதைக்குத் தேவை என்பதால்.

யுத்தத்துக்குப் பிறகு எங்கள் வாட்டுக்கு ஒரு பொது வைத்திய நிபுணர் வந்தார். தெற்கில் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த சிங்களப் பெண்மணி. தமிழ் கொஞ்சம் படித்திருந்தார். நாங்கள் 'மேடம்' என்போம், நோயாளர்கள் 'பெரிய டொக்டர்' என்பார்கள். மெலிந்த உருவம், வாட்டுக்குள் சத்தம் வராத தட்டைச் செருப்பு. ஒருநாளும் அவர் ஆரையும் ஏசி நான் கேட்டதில்லை. ஆனால் அவருக்கு விவரம் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிடும்.

வந்த முதல் கிழமை. ஒரு நோயாளியைக் காட்டி, "மருந்து ஒழுங்காக எடுக்கிறார், மேடம்" என்றேன்.

"அவர் அப்படிச் சொன்னாரா?"

"ஓம், மேடம்."

"என்ன வசனம் சொன்னார்?"

நான் யோசித்தேன். அந்த மனிதர் சொன்னது, "வருத்தம் இருக்கிற நாளில தவறாமப் போடுவன்" என்பது. அதைச் சொன்னேன்.

மேடம் பேனையை மூடினார். "அப்ப வருத்தம் இல்லாத நாள்ல போடுறதில்லை. பாத்தீங்களா? உங்க வசனம் எனக்கு வேணாம். அவர் வசனம் சொல்லுங்க. எனக்கு விளங்காட்டி நான் கேட்கிறேன்."

எனக்கு அன்று கோபம்தான் வந்தது. படித்து வந்தவன், கேட்டதைச் சுருக்கிச் சொல்லத் தெரிந்தவன் என்று ஒரு எண்ணம் எனக்கு இருந்தது. நான் சொல்வது போதாது, வயல்காரர் சொன்னதுதான் வேண்டும் என்றால், நான் எதற்கு? ஆனாலும் அப்படியே சொல்லத் தொடங்கினேன். ஆட்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டு வருவேன். தெரியாத சொல் வந்தால் மேடம் கையை உயர்த்துவார். நான் விளங்கப்படுத்துவேன்.

மேடம் வைத்த ஒழுங்கு இது. முதலில், டொக்டர் மருந்து எழுதிக் கொடுத்த கிளினிக் கொப்பியை மூடிவைத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, ஆளிடமே கேட்க வேண்டும். நின்றுகொண்டு கேட்டால் எங்கள் சனம் சுருக்கமாகத்தான் பதில் சொல்லும். நாங்கள் அவசரத்தில் நிற்கிறோம் என்று அவர்கள் இரங்குவார்கள். இரண்டாவது, அவர்கள் கொண்டுவந்த பையை ஒரு தட்டில் கொட்டி, ஒவ்வொரு குளிசையாக, "இது எப்ப? இது எதுக்கு?" என்று கேட்க வேண்டும். மூன்றாவதாகத்தான் கொப்பியைத் திறப்பது. கடைசியில் வீட்டில் ஆர் மருந்து எடுத்துக் கொடுக்கிறது என்று கேட்டு, அவரோடும் கதைக்க வேண்டும். "கொப்பியில இருக்கிறது டொக்டர் சொன்னது. பையில இருக்கிறது வீட்டில இருக்கிறது. வாய் சொல்றதுதான் உள்ளுக்குப் போனது. ஆனா வாய்க்கும் மறதி இருக்கு" என்பார்.

கனகராயன்குளம் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் ஹோர்லிக்ஸ் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்குள் எல்லா நிறத்திலும் குளிசை.

"எல்லாம் நல்ல சாமான், தம்பி. ஒண்டும் உள்ளூர் இல்லை. மூத்தவள் கனடாவில இருந்து அனுப்பினது."

"எப்பிடி ஐயா எடுக்கிறனீங்கள்?"

"காலமை போத்தலைக் குலுக்கி, வாறதில ரெண்டு."

அவருடைய மனைவி பக்கத்தில் நின்று, "நான் சொன்னாக் கேக்கமாட்டார், தம்பி. லொத்தர் சீட்டு இழுக்கிற மாதிரி இழுப்பார்" என்றா.

நான் மேடத்திடம் அப்படியே சொன்னேன். "குலுக்கி?" என்று கேட்டார். "குலுக்கி, மேடம்." முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் நோயாளியின் விவரம் எழுதுகிற கட்டில் ரிக்கற்றில் எழுதியபடி, "மருந்தின் பெயர்: வாறது. அளவு: ரெண்டு" என்று மெல்லச் சொன்னார். மேடம் சொன்ன பகிடி என்று எனக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்.

இனி நான் சொல்ல வந்தது.

மார்கழி மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மல்லாவிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டம் ஒன்றில் இருந்து பரமேஸ்வரி என்ற அம்மாவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு அவருடைய மகள் வதனி வந்தாள். அம்மா கிணற்றடியில் மயங்கி விழுந்திருக்கிறா. யாழ்ப்பாணத்தில் இருந்து காணி கிடைத்து வந்து காடு வெட்டிக் கழனியாக்கிய குடும்பம். அறுபதைத் தாண்டிய வயது, வயல் வேலை செய்து இறுகிய கை. நாடியைப் பிடித்தால் அடுத்த துடிப்பு வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த மேடம், இதயத்தின் மேலறையில் இருந்து கீழறைக்குச் செய்தி சரியாகப் போகவில்லை என்றார். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி, இதயத்துக்குள் கம்பி விட்டு, கருவியால் துடிக்க வைக்க வேண்டிவரும். அந்த வசதி எங்களிடம் இல்லை. அம்புலன்ஸ் வாசலுக்கு வந்து நின்றது.

நான் கதிரையைப் போட்டு இருந்தேன்.

"அம்மா, என்ன மருந்து எடுக்கிறனீங்கள்?"

"பிறசருக்கு ஒண்டு, தம்பி. கொழுப்புக்கு ஒண்டு. வேற ஒண்டும் இல்லை."

பையிலும் அந்த இரண்டுதான். கொப்பியிலும் அந்த இரண்டுதான். மகளிடம் கேட்டேன். அவள் கலியாணம் கட்டிப் பளையில் இருக்கிறாள். தகப்பன் செத்து மூன்று கிழமை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்ததும் எல்லாரும் போய்விட்டார்கள். அம்மா தனியே இருந்திருக்கிறா. நேற்றுத்தான் தாயைப் பார்க்க வந்தாளாம்.

"சாப்பிடுறாவில்லை, அண்ணை. சாப்பிட்டாலும் சத்தி எடுக்கிறா. அப்பா போனதில இருந்து இப்பிடித்தானாம். கவலை."

வாய், பை, கொப்பி மூன்றும் பொருந்தினால் எனக்கு உள்ளூரச் சந்தோசம் வரும். அன்றும் வந்தது. மேடத்திடம் போய், "மருந்துப் பட்டியல் சரி, மேடம். பிறசர் குளிசை ஒன்று, அது கொஞ்சம் நாடியைக் குறைக்கக்கூடியது. அளவு சிறியது. கணவர் இறந்த கவலையில் சாப்பாடு குறைவு. கொஞ்சம் குழப்பமாகவும் கதைக்கிறார்" என்றேன்.

"குழப்பம் என்கிறது யார் வசனம்?"

"என்னுடையது, மேடம்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

சொல்லவேண்டியதாயிற்று. ஓட்டோவில் வரும்போது அம்மா மகளிடம், "நெல்லு விளைஞ்சு போச்சு, வெட்ட ஆளைக் கூப்பிடு" என்று சொல்லியிருக்கிறா. வதனி அழுதுகொண்டு அதை என்னிடம் சொன்னாள். பயிர் அப்போது குடலைப் பருவம். கதிர்கூட வெளியே வரவில்லை. வயல் முழுக்கப் பச்சை. பிறந்ததில் இருந்து வயலில் நிற்கிற மனுசி பச்சைப் பயிரைப் பார்த்து விளைந்துவிட்டது என்றால், நான் குழப்பம் என்றுதான் எழுதினேன்.

மேடம் எழும்பிக் கட்டிலடிக்கு வந்தார். ஒரு வெள்ளைத் தலையணை உறையைத் தூக்கிப் பிடித்தார்.

"அம்மா, இது என்ன நிறம்?"

பரமேஸ்வரி அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தா. "மஞ்சள்தானே, பிள்ளை. தோய்க்கேக்க நீலம் போடேல்லைப் போல."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "டிகொக்சின்" என்றார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இதயம் பலவீனமானவர்களுக்குக் கொடுக்கிற பழைய மருந்து அது. அளவோடு இருந்தால் ஆளைத் தாங்கும். உடம்பில் கூடிப்போனால் நாடியைக் கீழே இழுக்கும், சாப்பாட்டை வெறுக்க வைக்கும், சிலருக்குக் காண்கிறதெல்லாம் மஞ்சளாகத் தெரியும். எல்லாம் இந்த அம்மாவுக்குப் பொருந்தியது. ஆனால் அவருடைய பட்டியலில் அந்த மருந்து இல்லை.

"அவங்க கணவருக்கு என்ன வருத்தம்?"

வதனி சொன்னாள், "அப்பாவுக்கு இதய வருத்தம், மேடம். காலெல்லாம் வீங்கும்."

குளிசையை எறியாத சனம் நாங்கள். நேரே போய்க் கேட்டேன்.

"அம்மா, ஐயான்ர குளிசை வீட்டில மிச்சம் இருந்ததோ? அதை நீங்கள் எடுத்தனீங்களோ?"

அவவுக்குக் கோபம் வந்துவிட்டது. எழும்ப ஏலாத நிலையிலும் கையை ஊன்றித் தலையைத் தூக்கினா. "என்ன கதை கதைக்கிறீர், தம்பி? அவற்ற மருந்தை நான் எடுப்பனே? அது அவருக்கு."

பொய் சொல்கிற முகம் இல்லை அது. மேடத்திடம் வந்து அப்படியே சொன்னேன்.

மேடம் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் அழைத்துக் கதைத்தார். அதன் பிறகு எனக்கு நிலைமையை விளங்கப்படுத்தினார். அந்த மருந்தால் வந்தது என்றால், மருந்து உடம்பை விட்டு இறங்க இறங்க இதயம் தானாக எழும்பும். அந்த நிலையில் இதயம் தொட்டாற்சுருங்கி மாதிரி எரிச்சலோடு இருக்கும், உள்ளே கம்பி போய்ப் பட்டால் தாறுமாறாகத் துடித்து நின்றும் போகலாம். அந்த மருந்தால் வந்ததில்லை என்றால், கம்பி போடாமல் இங்கே வைத்திருப்பதுதான் ஆளைக் கொல்லும். இரத்தத்தில் அந்த மருந்தை அளந்து பார்க்கக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். முடிவு வருவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

அம்புலன்ஸ் ஓட்டுகிற மணியண்ணை வாட்டு வாசலில் வந்து நின்று, "தம்பி, வெளிக்கிடுறதோ இல்லையோ? மழை இருட்டிக்கொண்டு வருது, சொல்லுங்கோ" என்றார்.

"ஒருக்காப் பொறுங்கோ, அண்ணை."

மேடம் என்னிடம், "மருந்து என்று கேட்க வேணாம். வேற மாதிரிக் கேளுங்க" என்றார்.

மறுபடியும் கதிரையில் இருந்தேன். "அம்மா, கோவிக்காதேங்கோ. மருந்தை விடுங்கோ. காலமை எழும்பினதில இருந்து படுக்கும்வரைக்கும், வாயில போடுற எல்லாத்தையும் சொல்லுங்கோ. தண்ணியெண்டாலும் சொல்லுங்கோ."

அவ களைத்த குரலில் சொல்லிக்கொண்டு போனா. எழும்பினால் வெறுந்தேத்தண்ணி, பனங்கட்டி ஒரு கடி. பிறகு பிறசர் குளிசை. காலைச் சாப்பாடு இல்லை, மனம் வராது. மத்தியானம் சமைப்பா. "சமைச்சு, அவருக்குப் படைச்சிட்டு, பிறகு அந்தச் சாப்பாட்டை நான் சாப்பிடுவன். பின்னேரம் தேத்தண்ணி. இரவில கொழுப்புக் குளிசை. அவ்வளவுதான் தம்பி."

எழுதிக்கொண்டேன். செத்தவருக்கு, முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிவரை, நாள்தோறும் சாப்பாடு படைக்கிறது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். என் அப்பா போனபோது நாங்களும் படைத்தோம். அதில் கேட்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. 'மத்தியானம் சோறு' என்று சுருக்கியிருப்பேன். மேடத்துக்குப் பயந்துதான் சுருக்காமல் கொண்டுபோய் வாசித்தேன்.

மேடம் கையை உயர்த்தினார். "படைச்சிட்டு என்றால்?"

சொன்னேன். படத்துக்கு முன்னால் இலை போட்டு, விளக்குக் கொளுத்தி, செத்தவருக்குச் சாப்பாடு வைப்பது.

"எங்க ஆக்களும் செத்தவங்களுக்கு தானம் கொடுப்பாங்க. ஆனா இது இலையில என்ன என்ன வைக்கிறது?"

"சோறு, கறி, அவருக்குப் பிடிச்ச சாமான். எல்லாரும் வைக்கிறதுதான், மேடம்."

"எல்லாரும் வேணாம். இந்த அம்மா என்ன வைச்சாங்க?"

எனக்குத் தெரிந்த விசயம் என்பதால் நான் கேட்கவில்லை. மேடத்துக்குத் தெரியாது, அதனால் கேட்டார். திரும்பக் கட்டிலடிக்குப் போனேன். இந்த முறை மேடமும் கூட வந்து பக்கத்தில் நின்றார்.

"அம்மா, படைக்கேக்க இலையில என்னென்ன வைப்பீங்கள்?"

"சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. மீன் வைக்கிறேல்லை, அந்தியேட்டி முடியாமல். செம்பில தண்ணி. பக்கத்தில ஒரு வெத்திலையில அவற்ற குளிசை."

வதனி, "அம்மா!" என்றாள்.

"ஏன்டி? சாப்பாட்டுக்கு முதல் குளிசை போட்டுட்டுத்தானே கொப்பர் சோத்தில கை வைப்பார். குளிசை இல்லாமச் சோறு வைச்சா அவர் தொடுவாரே? முந்தின நாள்வரைக்கும் சாப்பிட்ட மனுசனுக்குச் செத்தவுடன மருந்தை நிப்பாட்டலாமோ? ஆயுளுக்கும் போடவேணும், ஒருநாளும் விடக்கூடாது எண்டு டொக்டர் சொன்னவர். ஒருத்தரும் நிப்பாட்டச் சொல்லேல்லை."

நான் கேட்டேன். "படைச்ச பிறகு?"

"கதவைச் சாத்திப்போட்டு வெளியில நிப்பன், அவர் சாப்பிட. பிறகு போய் அந்த இலையில இருந்து நான் சாப்பிடுவன். படைச்சதை எறியிறதே, தம்பி?"

"குளிசையும்?"

"குளிசையும்தான். ரெண்டும். சின்னதும், மற்ற மூத்திரம் போற குளிசையும். அதுவும் படைச்சதுதானே."

மூன்று கிழமையாக, நாளுக்கு ஒரு தரம். சின்னதுதான் டிகொக்சின். மற்றக் குளிசை உடம்பின் தண்ணியோடு பொட்டாசியச் சத்தையும் வெளியேற்றி, அதன் நஞ்சைக் கூட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. போதாததற்கு, அவவுடைய சொந்தப் பிறசர் குளிசை வேறு. அவ எங்களிடம் ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை. மருந்து என்று கேட்டோம், மருந்தைச் சொன்னா. அது படையல்.

மேடம் வெளியே போய் மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு அழைத்தார். வந்து, "இங்கே வைச்சிருப்போம்" என்றார். அவ்வளவுதான். நான் போய் மணியண்ணையிடம் சொன்னேன். "பிழைப்பாவோ?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

அடுத்த இரண்டு நாளும் அந்தக் கட்டில் என் கண் முன்னால்தான். நாடி விழுந்தால் ஏற்றவேண்டிய ஊசிமருந்து தட்டில் எடுத்து வைத்தபடி. இரத்தத்தில் குறைந்திருந்த பொட்டாசியத்தை மெல்ல மெல்ல ஏற்றினோம். முதல் நாள் பின்னேரம் ஒரு தரம் கண் செருகிவிட்டது. ஊசி ஏற்றி, வதனியை வெளியே அனுப்பினோம். மேடம் அன்று வீட்டுக்குப் போகவில்லை. கம்பி போட அனுப்பியிருக்கலாமோ என்று அவரும் யோசித்திருப்பார், நானும் யோசித்தேன். மூன்றாம் நாள் காலையில் நாடியைப் பிடித்தபோது, நான் காத்திருக்கத் தேவையில்லாமல் அடுத்த துடிப்பு வந்தது.

அன்று மத்தியானம் அம்மா யன்னலால் வெளியே பார்த்து, "உந்தச் சுவர் வெள்ளையோ?" என்று கேட்டா.

"வெள்ளைதான், அம்மா."

"நேற்றுவரைக்கும் மஞ்சள் பூசியிருந்தது" என்று சொல்லிவிட்டு, சோறு கேட்டா.

பிறகுதான் கடினமான வேலை வந்தது. ஐயாவுக்கு வைத்த படையல்தான் உங்களை இங்கே கொண்டுவந்து கிடத்தியது என்று எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த ஆறுதல் வார்த்தை எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தேன். அந்தக் குளிசை உங்களுக்குக் கூடாது, அம்மா, இனிச் சோறு மட்டும் வையுங்கோ என்று பக்குவமாகச் சொன்னேன். அவ கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நான் விழுங்கேல்லை, தம்பி. அவருக்கு வைக்கிறன், பிறகு எங்கையாவது பத்திரமா எடுத்து வைக்கிறன். அவருக்கு நிப்பாட்டச் சொல்லாதையுங்கோ" என்றா. கண் கலங்கவில்லை. உறுதியாகச் சொன்னா.

அதையும் மேடத்திடம் அப்படியே கொண்டுபோய்ச் சொன்னேன். மேடம் வதனியைக் கூப்பிட்டு, தகப்பனுடைய கிளினிக் கொப்பியையும் வீட்டில் உள்ள அவருடைய குளிசை எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார்.

அடுத்த நாள் கொப்பி வந்தது. ஓரம் கிழியாமல் பொலித்தீன் உறை போட்டு, உள்ளே ஒரு சாமிப் படம் வைத்து, கவனமாகப் பாவித்த கொப்பி. மேடம் கதிரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து இருந்தார். கடைசியாக எழுதியிருந்த பக்கத்தைத் திறந்தார். இரண்டு மருந்தின் பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு கோடு இழுத்தார். கீழே ஆங்கிலத்தில் எழுதி, திகதி போட்டு, ஒப்பமிட்டு, தன் முத்திரையைக் குத்தினார். பிறகு பேனையை என்னிடம் நீட்டினார்.

"இதுக்குக் கீழ தமிழில எழுதுங்க. அம்மா வாசிக்க வேணும்."

எழுதினேன்: 'இவருக்கு இம்மருந்துகள் இனித் தேவையில்லை. வைத்தியரால் நிறுத்தப்பட்டன.'

மேடம் கொப்பியை அம்மாவின் மடியில் வைத்து, தன் தமிழில் தானே சொன்னார். "அம்மா, ஐயா மருந்து நல்லா எடுத்தாங்க. ஒரு நாளும் விடல. இப்ப ஐயாவுக்கு அந்த வருத்தம் இல்லை. அதனால நான் நிப்பாட்டுறேன்."

பரமேஸ்வரி அம்மா எழுத்துக்கு மேல் விரலை வைத்து, சொல் சொல்லாக வாசித்தா. முத்திரையையும் தடவிப் பார்த்தா. "அப்ப சரி" என்றா. அதற்குப் பிறகுதான், வந்து ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, முதல் தரமாக அழுதா. மேடம் எழும்பிப் போகவில்லை. அழுது முடியும்வரை கதிரையிலேயே இருந்தார்.

மிச்சக் குளிசைகளைச் சேலைத் துண்டு ஒன்றில் முடிந்து என் கையில் தந்தா. "எறிய வேண்டாம் எண்டு உமக்குச் சொல்லத் தேவையில்லை, என்ன?" என்றா. நான் மருந்தகத்தில் ஒப்படைத்தேன். வீட்டில் இருந்து திரும்பி வருகிற குளிசைகளை அங்கே என்ன செய்வார்கள் என்று நான் அவவுக்குச் சொல்லவில்லை.

அந்தியேட்டிக்கு முந்தின நாள் வீட்டுக்கு அனுப்பினோம்.

நிரோஜன், உன்னுடைய கணினி நல்லது. என் கையெழுத்தைவிடத் தெளிவாக எழுதும். ஆனால் அதில் மருந்து என்ற தலைப்புக்குக் கீழேதான் எழுத இடம் இருக்கிறது. நீ கதிரையைப் போட்டு இருந்து, வாயில் போடுகிற எல்லாத்தையும் கேள். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடி வெளியே ஒரு துண்டிலாவது எழுதிக்கொள். உனக்கு நன்றாகத் தெரிந்த விசயத்தை அவர்கள் சொல்லும்போது, தெரியாதவன் மாதிரி இன்னொரு கேள்வி கேள். இந்த மூன்றைத் தவிர எனக்கு வேறு வித்தை தெரியாது.

ஒரு மாதம் கழித்துப் பரமேஸ்வரி அம்மா கிளினிக்குக்கு வந்தா. முகம் தெளிந்திருந்தது. வரிசையில் என்னைக் கண்டதும் கிட்ட வந்து, ஆரும் கேட்காதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னா:

"அந்தியேட்டி அண்டைக்குச் சோறு மட்டும்தான் வைச்சனான், தம்பி. கொப்பியை டொக்டர் எழுதின பக்கத்தில திறந்து, இலைக்குப் பக்கத்தில வைச்சிட்டுக் கதவைச் சாத்தினனான். அவர் வாசிக்கட்டும். பேந்து, நானாத்தான் நிப்பாட்டினனான் எண்டு என்னில கோவிக்கக் கூடாதெல்லே."